வெள்ளிக் கோழியும் முப்பத்தாறு சிவப்புக் கோடுகளும்

கோழித்தீவன வாரியத்தின் கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்துவிட்டது என்று டிவியில் வந்த மறுநாள் காலை, தீவன ஆலையின் வாசலில் ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள். சின்னாயி வாங்கவில்லை. "சக்கரைங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்குச் சர்க்கரையும் கிடையாது, ரத்தக்கொதிப்பும் கிடையாது. ஐம்பது வயதிலும் ஐம்பது கிலோ மூட்டையை இடுப்புக்கு ஏற்றிவிடுகிற உடம்பு அது. லட்டை நீட்டிய கையைப் பார்த்ததும் அவளுக்குக் குமட்டியது, அவ்வளவுதான்.

அந்தக் கை ஆலை மேலாளர் ஜெகதீஸ்வரனுடையது. ஐந்து விரல்களில் மூன்றில் மோதிரம்.

இத்தனைக்கும் அந்த ஆலையில் நாற்றத்துக்குக் குறைச்சல் இல்லை. கோழித்தீவனம் அரைக்கிற இடம். மக்காச்சோளம், தவிடு, புண்ணாக்கு, எல்லாவற்றுக்கும் மேலே கருவாட்டுத் தூள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரம் முழுக்க வாந்தி எடுப்பார்கள். சின்னாயி அந்தக் கருவாட்டுத் தூள் மூட்டையின் மேலேயே உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறந்து கம்மஞ்சோறு சாப்பிடுகிறவள். அவளுக்கே குமட்டுகிறது என்றால், அந்தக் கை எதையெல்லாம் தொட்ட கை என்பது அவளுக்குத் தெரியும் என்று அர்த்தம்.

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற வழியில், சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது அந்த ஆலை. பெரிய பண்ணைக்காரர்கள் தனியாரிடம் தீவனம் வாங்கிக்கொள்வார்கள், நூறு இருநூறு கோழி வைத்திருக்கிற சின்னச் சனம் எங்கே போகும் என்று யோசித்து, எந்தக் காலத்திலோ ஒரு நல்ல மனுசன் கோழித்தீவன வாரியம் என்று ஒன்றை ஆரம்பித்து வைத்தான். சின்னாயி அங்கே சேர்ந்து பத்தொன்பது வருடமாகிறது. லாரி பாடி கட்டுகிற பட்டறையில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த அவள் புருசன் கண்ணுசாமி சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்ட வருடம், இடுப்பில் இரண்டு வயது மகள் யாழினியைத் தூக்கிக்கொண்டு வந்து கேட் வாசலில் நின்றாள். தினக்கூலிக்குப் போட்டார்கள். இன்றைக்கும் அதே தினக்கூலிதான்.

அவள் கையில் கொடுத்தது குத்தூசி. முனை கூர்ந்து நடுவில் பள்ளம் விட்ட இரும்புக் கம்பி. லாரியில் வருகிற மக்காச்சோள மூட்டையில் அதைக் குத்தி இழுத்தால் மூட்டையின் வயிற்றுக்குள் இருப்பது பள்ளத்தில் வந்து உட்காரும். வாய் அருகே நல்ல சோளத்தைப் போட்டு அடியில் பூஞ்சணம் பிடித்ததைத் தள்ளுகிற வியாபாரம் அதில் மாட்டிக்கொள்ளும். ஈரம் பார்க்க மெஷின் இருந்தது. மெஷின் நம்பர் காட்டுவதற்கு முன்னாலேயே உள்ளங்கையில் நாலு மணியை உருட்டி, பல்லில் ஒன்றைக் கடித்து, ஈரம் எவ்வளவு என்று சின்னாயி சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

சரியாக இருந்து என்ன பிரயோசனம்? "இந்த லோடு ஆகாதுங்க" என்று அவள் சீட்டில் எழுதி அனுப்புவாள். பத்து நிமிசத்தில் சீட்டு திரும்பி வரும். அடியில் பச்சை மையில் 'எடுத்துக்கொள்ளலாம்' என்று ஜெகதீஸ்வரனின் கையெழுத்து இருக்கும். பூஞ்சணம் பிடித்த சோளம் நல்ல சோளத்தின் விலைக்கு உள்ளே போகும். அது தீவனமாகி, ஏழைச் சனத்தின் கோழிகள் அதைத் தின்று கழுத்தைத் தொங்கப்போட்டு விழும். ஒரு தடவை சாக்கில் இருபது செத்த கோழிகளைக் கட்டி எடுத்து வந்து கேட் வாசலில் கொட்டிவிட்டுப் போனாள் ஒரு கிழவி. அள்ளிப்போட்டதும் சின்னாயிதான். அப்புறம் சின்னச் சனம் வருவதை நிறுத்திக்கொண்டது. ஆலை பெரிய பண்ணைக்காரர்களுக்குக் கடனுக்குத் தீவனம் கொடுத்தது. அவர்கள் மேலாளருக்கு மாமன், மச்சான், பங்காளி, ஒன்றுமில்லாவிட்டால் கூடப் படித்தவர்கள். யாரும் பணம் கட்டவில்லை. கட்டு என்று யாரும் கேட்கவும் இல்லை.

அந்தக் கடனைக் காட்டி வாயை அடைத்தது தினக்கூலிகளைத்தான். "வாரியம் கடன்ல முழுகிக் கெடக்குது அம்மிணி. இந்த நெலமையில வேல நெரந்தரம் கேட்டா எப்புடி? கொஞ்சம் மனசாட்சியோட பேசோணும்" என்பார் ஜெகதீஸ்வரன். மனசாட்சி என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்கிறபோதெல்லாம் சின்னாயிக்குக் காதைக் கழுவிக்கொள்ளத் தோன்றும். பத்தொன்பது வருடமும் இதே பதில். ஆக அந்தக் கடன் எப்படி வந்தது என்று ஆடிட்டருக்குத் தெரியுமோ தெரியாதோ, குத்தூசி பிடித்த சின்னாயிக்கு மூட்டை மூட்டையாகத் தெரியும்.

இப்போது அந்தக் கடன் நூற்று எண்பது கோடியும் போய்விட்டதாம். தின்றவன் வாயைத் துடைத்துக்கொண்டான், அரசாங்கம் இலையை எடுத்துப் போட்டது. இதற்கு லட்டு வேறு.

ஆனால் மற்ற தினக்கூலிகள் முப்பத்தாறு பேருக்கும் அன்றைக்குத் தீபாவளிதான். கடன் இருக்கிறது என்பதால்தானே நிரந்தரம் இல்லை என்றார்கள்; கடன் போய்விட்டதே, இனி என்ன தடை என்று கணக்குப் போட்டார்கள். சின்னாயியோடு சாக்குத் தைக்கிற பூவாத்தாள் அழவே ஆரம்பித்துவிட்டாள். அவள் புருசன் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போனவன், வருடத்துக்கு இரண்டு தரம்தான் வருவான். இரண்டு பெண் பிள்ளைகளையும் அவள் ஒருத்தியே படிக்க வைக்கிறாள்.

"நெரந்தரம் ஆனா ஆசுபத்திரிச் செலவுக்குக் கார்டு குடுப்பாங்களாமுங்க்கா. பென்சனும் வருமாம்" என்றாள் பூவாத்தாள்.

"ஆரு சொன்னது?"

"அருணகிரி சாரு."

அருணகிரி டைம் ஆபீஸ் கிளார்க். வருகைப் பதிவேடு அவர் பொறுப்பு. சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர், நிரந்தர ஊழியர்களின் சங்கம் என்றாலும் சந்தா மட்டும் தினக்கூலிகளிடமும் வாங்குவார். அன்று மத்தியானம் மேலாளர் சொன்னதாக ஒரு நோட்டோடு வந்தார். வருகிற வெள்ளிக்கிழமை சேலத்தில் மண்டபம் பிடித்து நன்றி அறிவிப்பு விழா. சென்னையிலிருந்து வாரியத் தலைவர் வருகிறார். அவருக்குக் கொடுக்க சேலம் வெள்ளிப்பட்டறையில் ஒரு வெள்ளிக் கோழி செய்யச் சொல்லியாகிவிட்டது, முட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிற மாதிரி. ஆளுக்கு ஐநூறு ரூபாய். பெண்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் பச்சைச் சேலை.

"எந்தக் கோழிக்குங்க?" என்றாள் சின்னாயி. "நம்ம தீவனத்தத் தின்னுபோட்டுச் செத்ததே, அதுக்கா?"

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அருணகிரி சிரிக்கவில்லை. "எல்லாத்துலயும் குத்தங் கண்டுபுடிக்கறதே உனக்குப் பொழப்பாப் போச்சு. வராதவிய பேரு மேல போகும், பாத்துக்க."

"போகட்டுமுங்க. வெள்ளிக்கெழம மூணு லோடு சோளம் வருது. ஆராச்சும் இருந்து குத்திப் பாக்கோணுமில்ல."

மூன்று லோடு வருகிறது என்பது நிஜம். ஆளில்லாமல் லாரியைத் திருப்பி அனுப்பினால் வாடகைத் தண்டம் வாரியத்தின் தலையில் விழும். அதனால் ஜெகதீஸ்வரனும், "சரி, அது ஒண்ணு கெடந்துட்டுப் போகுது" என்று விட்டுவிட்டார். சின்னாயியை அவர் எப்போதும் அஃறிணையில்தான் பேசுவார்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு பஸ்கள் வந்து நின்றன. பச்சைச் சேலைகள் ஏறின. பூவாத்தாள் தலை நிறைய மல்லிகை வைத்திருந்தாள். நிரந்தர ஊழியர்கள் ஆறு பேருக்கும் பதிவேட்டில் 'அலுவல் பயணம்' என்று எழுதியாயிற்று. தினக்கூலிக்கு அலுவல் பயணம் என்று ஒன்று கிடையாது. கையெழுத்துப் போட்டால் கூலி, போடாவிட்டால் இல்லை. ஒருநாள் கூலிதானே போகிறது என்று அவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

கிளம்புவதற்கு முன் அருணகிரி சின்னாயியைக் கூப்பிட்டார். அந்த ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பதிவேட்டில் கையெழுத்து விழாத கட்டங்களில் எல்லாம் ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் கோடு போட்டு மூடிவிடுவார்கள். எப்போதோ ஒருவன் ஒரு மாதக் கையெழுத்தையும் ஒரே நாளில் போட்டு மாட்டிக்கொண்ட பிறகு வந்த வழக்கம். கோடு விழுந்த கட்டத்தில் அதற்குப் பிறகு யாரும் கை வைக்க முடியாது. அந்தச் சிவப்புப் பேனா அருணகிரியின் சட்டைப் பையை விட்டு இறங்கி யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு இறங்கியது.

"நான் வர எந்நேரம் ஆகுமோ தெரியாது. திங்கக்கெழம ஆடிட்டு. அஞ்சு மணிக்கு நீயே கோட்டப் போட்டு மூடி வெச்சுரு. உனக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியுமில்ல."

"நானுங்களா? நான் தொடலாமுங்களா?"

"நான் சொல்றேனில்ல."

பஸ்கள் போய்விட்டன. வாட்ச்மேனும் சின்னாயியும் மட்டும்தான் ஆலையில். மெஷின் ஓடாத ஆலை அவளுக்குப் பிடித்திருந்தது. மூன்று லோடில் இரண்டு நல்ல சோளம். மூன்றாவதில் குத்தூசி கறுத்துப்போய் வெளியே வந்தது. ஆகாது என்றாள். டிரைவர் மேலாளருக்கு ஃபோன் போட்டான், ஏழெட்டுத் தரம் போட்டான். மேடையில் இருந்தவர் எடுக்கவில்லை. டிரைவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே லாரியைத் திருப்பினான். பத்தொன்பது வருடத்தில் அவள் ஆகாது என்று சொல்லி உண்மையிலேயே திரும்பிப் போன முதல் லோடு அதுதான். சின்னாயி ஒரு டீ போட்டு, வாட்ச்மேனுக்கும் ஒரு டம்ளர் கொடுத்து, நிதானமாகக் குடித்தாள்.

ஐந்து மணிக்குத் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தாள். அந்த நேரம் பார்த்து ஃபோனில் வீடியோ வந்தது. பூவாத்தாள் அனுப்பியிருந்தாள். வாரியத் தலைவர் மைக்கைப் பிடித்து, "தள்ளுபடி ஆணை இன்று காலைதான் கையெழுத்தானது. உங்கள் மேலாளர் கேட்டுக்கொண்டபடி இந்த விழா நாளிலேயே!" என்கிறார். பச்சைச் சேலைகள் எழுந்து நின்று கை தட்டுகின்றன. ஜெகதீஸ்வரன் வெள்ளிக் கோழியை இரண்டு கையிலும் ஏந்தி, தலைவரின் காலடி வரைக்கும் குனிகிறார். கை தட்டல் நிற்கவே இல்லை.

சின்னாயிக்கு வயிறு எரிந்தது. கொள்ளை போன வீட்டுக்காரர்களே திருடனுக்குக் கை தட்டுகிறார்களே, இதுகளுக்கு வெட்கம், மானம் ஒன்றும் கிடையாதா? அந்த எரிச்சலோடுதான் ஸ்கேலை வைத்தாள். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் ஒரு கோடு. முப்பத்தாறு கோடுகள். பூவாத்தாள் பெயருக்கு நேரே கொஞ்சம் அழுத்தியே போட்டாள். போட்டு முடித்தபோது மனசுக்கு இதமாக இருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து ஆணை வந்தது. கேட் வாசலில் எல்லோரையும் நிற்க வைத்து அருணகிரி வாசித்தார். கடன் தள்ளுபடி. ஆலை தனியாருக்குக் குத்தகை. நிரந்தர ஊழியர்கள் வேறு துறைகளுக்குப் போவார்கள். தினக்கூலிகளில் 'ஆணை வெளியான நாளன்று பணியில் இருந்ததாக வருகைப் பதிவேட்டில் உள்ளவர்கள்' அரசுக் கிடங்குகளில் நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்கள் மாதக் கடைசியோடு விடுவிக்கப்படுவார்கள். கீழே தேதி, அந்த வெள்ளிக்கிழமை.

அருணகிரிக்கு வாசித்து முடித்த பிறகுதான் புரிந்தது. உள்ளே ஓடிப் போய்ப் பதிவேட்டைப் புரட்டினார். முப்பத்தாறு சிவப்புக் கோடுகளும் ஒரு கையெழுத்தும் இருந்தன.

யாரும் சின்னாயியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டு ஆறியிருப்பாள். பூவாத்தாள் மட்டும் பக்கத்தில் வந்து, "நீ போட்டதாக்கா கோடு?" என்று கேட்டாள். சின்னாயி ஆமாம் என்றாள். பூவாத்தாள் போய்ச் சாக்குத் தைக்க உட்கார்ந்துவிட்டாள். இதமாக இருந்த அந்தச் சாயங்காலம் சின்னாயிக்கு ஞாபகம் வந்தது. இந்த முறை குமட்டல் அவள் மேலேயே வந்தது.

அடுத்த நாள் ஜெகதீஸ்வரன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "உக்காரு, உக்காரு" என்று நாற்காலியைக் காட்டினார். பத்தொன்பது வருடத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்ததில்லை. கண்ணாடி டம்ளரில் டீ வந்தது.

"சென்னையிலிருந்து ஒரு அம்மா சரிபாக்க வாராங்க. பதிவேட்ட மூடுனது ஆருன்னு கேப்பாங்க. அருணகிரி சாயங்காலமே வந்து மூடிட்டாருன்னு சொல்லிரு. அவரும் அதையேதான் சொல்லுவாரு. பதிவேட்டத் தினக்கூலி கையில குடுத்துட்டுப் போனோமுன்னு தெரிஞ்சா எங்க ரெண்டு பேருக்கும் கேள்வி வரும். உனக்கு வேல உறுதி. நீ நம்ம ஆளு, சின்னாயி."

நம்ம ஆளு. அந்த வார்த்தையைக் கேட்டு அவள் டீயைப் பாதியில் வைத்தாள். ஆனால் "சரிங்க" என்றுதான் சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டில் கண்ணுசாமியிடம் சொன்னாள். அவர் இடுப்புக்குத் தலையணையை முட்டுக் கொடுத்துக்கொண்டு கேட்டார். "நீ ஒண்ணும் திருடலயே. வேலைக்குப் போன, கையெழுத்துப் போட்ட. அவியெல்லாம் கூத்துப் பாக்கப் போனவிய. நீ எதுக்குக் கலங்கற?"

"கோடு போட்டது நானில்ல?"

"அந்தாளு போடச் சொன்னான், போட்ட. யாழினி நர்சிங் முடிக்க இன்னும் ஒரு வருசம் இருக்குது. வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இரு சாமி."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. சின்னாயி சும்மா இருப்பது என்றே முடிவு செய்தாள். 'அருணகிரி சார் வந்து மூடினாருங்க' என்று பஸ்ஸில் இரண்டு மூன்று தடவை மனசுக்குள் சொல்லியும் பார்த்தாள்.

சரிபார்க்க வந்த அதிகாரியின் பெயர் தனப்பிரியா. முப்பது வயதுதான் இருக்கும். பள்ளிபாளையத்துப் பெண் என்று வாட்ச்மேன் விசாரித்து வைத்திருந்தார். மேலாளர் அறையில் அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் ஜெகதீஸ்வரன், இன்னொரு பக்கம் அருணகிரி. வெளியே வராந்தாவில் முப்பத்தாறு பேரும் நின்றார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அன்றைக்கு எங்கே இருந்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். கடைசியாகச் சின்னாயி.

"உக்காருங்கம்மா. அன்னைக்கு இங்க இருந்தது நீங்க ஒருத்தர்தான். பதிவேட்டை அஞ்சு மணிக்கு வந்து மூடினதா அருணகிரி எழுதிக் கொடுத்திருக்கார். நீங்க பாத்தீங்களா?"

சின்னாயி வாயைத் திறப்பதற்குள் ஜெகதீஸ்வரன் முந்திக்கொண்டார். "அது பொய் சொல்லாதுங்க மேடம். இந்த ஆலையில பொறுப்பான ஆளுன்னா அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் பாருங்க, வேல நேரத்துல பச்சச் சேலையக் கட்டிக்கிட்டு ஃபோட்டோ எடுக்கப் போனதுங்க. நான் எவ்வளவோ சொன்னேன். கேட்டாத்தானே? இந்த மாதிரி ஆளுகளால்தான் வாரியமே கடனாளி ஆச்சு."

ஜன்னல் திறந்திருந்தது. வராந்தாவில் நின்றவர்கள் காதில் அது விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டார்கள். பூவாத்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

சின்னாயி ஜெகதீஸ்வரனின் மோதிரக் கையைப் பார்த்தாள். பச்சைச் சேலை எடுக்கச் சொன்னவன், பஸ் பிடித்தவன், ஆணையின் தேதியையே கேட்டு வாங்கியவன், பூஞ்சணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியவன், எல்லாம் இந்த ஒரே ஆள். இவனுடைய ஆள் என்று பெயரெடுத்துத்தான் அவள் இனிச் சோறு தின்ன வேண்டும்.

"இல்லீங்க" என்றாள். "அருணகிரி சாரு வரலீங்க. கோடு போட்டது நானு."

தனப்பிரியா பேனாவைக் கீழே வைத்தாள்.

"அம்மா, என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சு சொல்லுங்க. மூட வேண்டியவர் மூடலைன்னா அந்தப் பக்கமே செல்லாது. அதுக்கு முந்தின வேலை நாளைத்தான் நான் எடுத்துக்கணும். வியாழக்கிழமை எல்லாருமே வேலைக்கு வந்திருக்காங்க. அவங்களுக்கு வேலை கிடைச்சிரும். ஆனா பதிவேட்டில் எழுதின தினக்கூலியைப் பட்டியல்ல சேர்க்க விதியில இடம் இல்லை. உங்க பேரு வராது. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சா வேற மாதிரிச் சொல்லிப்போடுவேனுங்க. இப்பவே எழுதிக்குங்க."

"சின்னாயி!" என்றார் ஜெகதீஸ்வரன். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவரே பதறிப்போய், பேனாவைக் கொடுத்தது அருணகிரிதான், தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல ஆரம்பித்தார். அருணகிரி, நீங்கள்தானே சார் சொன்னீர்கள் என்றார். இருவரும் ஒருவரையொருவர் மாட்டிவிட்டுக்கொண்டிருக்கும்போதே சின்னாயி கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். அழுகை வரவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பென்சன், கார்டு, யாழினியின் கடைசி வருடம் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. திரும்பிப் போய் மாற்றிச் சொல்லிவிடலாமா என்று கூட ஒரு நிமிசம் நினைத்தாள். பஸ் நிற்கவில்லை.

கண்ணுசாமி இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "சாப்பிட்டியா?" என்றார்.

முப்பத்தாறு பேருக்கும் ஆணை வந்தது. அருணகிரிக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். ஜெகதீஸ்வரனுக்குச் சேலத்தில் வேறொரு வாரியத்தில் ஒரு படி மேலே பதவி. கடனை ஒழித்துக் கட்டிய அனுபவம் உள்ளவர் என்று அதற்குக் காரணம் சொன்னார்களாம். சின்னாயி மாதக் கடைசியில் குத்தூசியை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு தனியார் பண்ணையில் முட்டை அடுக்குகிற வேலைக்குப் போனாள். அட்டைக்கு முப்பது முட்டை. உடைந்தால் கூலியில் பிடித்தம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூவாத்தாள் அவள் வீட்டுக்கு வந்தாள். ஓமலூர்ப் பக்கம் ஒரு கிடங்கில் போட்டிருக்கிறார்களாம், புதன்கிழமை சேர வேண்டுமாம். வாசலிலேயே சின்னாயியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எம்புள்ளைக ரெண்டும் உம்பேரச் சொல்லித்தான் சோறு திங்கோணுமுங்க்கா. நான் சாகறமுட்டும் மறக்க மாட்டேன்."

"அழாத. உள்ள வா. என்ன சாப்பிடற?"

"இல்லீங்க்கா, கெளம்போணும். சேல எடுக்கப் போறோம். நாளைக்கு விழா."

"என்ன விழா?"

பூவாத்தாள் கையை விட்டாள். "மேலாளருக்குத்தானுங்க்கா. சால்வ போட்டு, கேடயம் குடுத்து அனுப்பறோம். அவரு முயற்சியிலதான் எங்களுக்கெல்லாம் வேல கெடச்சுதுன்னு நோட்டீசு அடிச்சிருக்காங்க." கொஞ்சம் நின்று, குரலை இறக்கி, "உம்பேர்லயும் நானே ஐநூறு குடுத்துட்டேனுங்க்கா. விட்டுப்போகக் கூடாதில்ல" என்றாள்.

சின்னாயி அவள் முகத்தையே பார்த்தாள். கிண்டலா என்று தேடினாள். கிண்டல் இல்லை. அன்பாகத்தான் செய்திருக்கிறாள்.

"வேல எப்புடிக் கெடச்சுதுன்னு உனக்குத் தெரியாதா பூவாத்தா?"

"எல்லாத்துக்கும் தெரியுமுங்க்கா. ஜன்ன வழியா எல்லாருந்தான் கேட்டோம்."

"அப்பறம்?"

"புது எடத்துல சேர விடுவிப்பு ஆர்டர் வேணும், அதுல அவருதானே கையெழுத்துப் போடோணும். விழா முடிஞ்சுதான் தருவேன்னு வெச்சிருக்காரு."

"நீ கை தட்டுவியா?"

பூவாத்தாள் செருப்பை மாட்டிக்கொண்டாள். "எல்லாரும் தட்டுனாத் தட்டித்தானே ஆகோணுமுங்க்கா" என்றாள். "வாரேன்."

அவள் சந்து திரும்பும் வரைக்கும் சின்னாயி வாசலில் நின்றாள். வாயெல்லாம் கசந்தது. உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் எடுத்து வந்து, கொப்பளித்து, தெருவில் துப்பினாள்.